இரண்டாவது சிலிண்டர்

எளாவூர்
20.2.2025

வாணி,

ஆறு முறை கூப்பிட்டுவிட்டேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் பேனாவை எடுத்தேன். கம்பெனி முகவரிக்கு அனுப்பினால் உங்கள் முதலாளி ஸ்டீவன் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆறு நாளாக மனசுக்குள் இதைத்தான் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் டிராக்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின். ஜனவரியில் அதன் பிளாக்கை உங்கள் கும்மிடிப்பூண்டி பட்டறைக்கு அனுப்பினோம். சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் குழாய் இறக்கி, போர் அடித்துத் துளையை அளவாக்கி, ஹோனிங் கல்லால் தேய்த்து, அளவுத் தாளோடு திருப்பிக் கொடுத்தீர்கள். மூன்று சிலிண்டருக்கும் எதிரே ‘சரி’ என்று போட்டு அடியில் உன் கையெழுத்து. மூன்று வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து இயற்பியல் ரெக்கார்டு எழுதியவள் நான். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

குணா எஞ்சினைக் கட்டினார். போன மே மாதம் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாய். கால் சரியாகிவிட்டது. கை மெதுவாகத்தான் வந்தது. செக்போஸ்ட் ஓரத்து ஷெட்டில் இருபத்து மூன்று வருஷம் லாரி எஞ்சின் கட்டிய கை. அதற்கப்புறம் ஒருத்தர் ஒரு போல்ட்டைக்கூட அவரிடம் கொடுக்கவில்லை. பழைய லாரிக்காரர்கள் வருவார்கள், உடம்பு எப்படி என்று கேட்பார்கள், டீ குடித்துவிட்டு அடுத்த ஷெட்டில் வண்டியை விடுவார்கள். அப்பாதான் தன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். “எம் மாப்ள கட்டாத எஞ்சினு என் நெலத்துல ஓடாது” என்றார்.

ஒன்பது மாதத்தில் அவர் கட்டிய முதல் எஞ்சின் அது. பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பதினோரு மணி நேரம் ஓடியது. பதினான்காம் தேதி, உளுந்து விதைக்க உழுதுகொண்டிருந்தபோது நட்ட நடு நிலத்தில் நின்றுவிட்டது. இரண்டாவது சிலிண்டரில் பிஸ்டன் இறுகிப் போயிருந்தது.

பதினேழாம் தேதி பிளாக் மறுபடி உங்களிடம் வந்தது. மறுநாளே ஸ்டீவன் போன் செய்து, “எங்க அளவு கரெக்ட்டுங்க, ஃபிட்டிங்லதான் மிஸ்டேக்” என்றார். குணா, “சரிங்க சார்” என்றார். அவ்வளவுதான். கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருஷத்தில் இவர் ஒரு குறையைக் கேட்டு உடனே சரி என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

ஷெட்டைப் பூட்டிவிட்டார். “கை போச்சு ஜோதி, இத்தோட வுட்டுடலாம்” என்கிறார்.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம், வாணி. அந்தச் சிலிண்டரின் அளவு உண்மையில் என்ன என்று மட்டும் சொல். தப்பு அவர் கையில்தான் என்றால் அதையும் எழுது. ஆனால் நீ அளந்துவிட்டு எழுது.

ஜோதி

•

கும்மிடிப்பூண்டி
27.2.2025

மதிப்பிற்குரிய திருமதி ஜோதிலட்சுமி அவர்களுக்கு,

தங்களின் 20.2.2025 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் எஞ்சின் பிளாக்கின் மூன்று சிலிண்டர்களும் எங்கள் தரப் பரிசோதனையில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தன என்பது 28.1.2025 தேதியிட்ட அளவுத் தாளில் பதிவாகியுள்ளது. இரண்டாவது சிலிண்டரில் பிஸ்டன் இறுகியதற்கு ரிங் பொருத்திய விதமோ, பொருத்தும்போது எண்ணெய் போதாமையோ காரணமாக இருக்கலாம் எனக் கருதுகிறோம். எங்கள் வேலையில் குறை ஏதும் காணப்படவில்லை.

தங்களின் புரிதலுக்கு நன்றி.

ஸ்ரீவாணி
தரப் பரிசோதனைப் பொறுப்பாளர்

(கீழே பேனாவில்)

ஜோதி, அவரை வற்புறுத்தாதே. கை சரியில்லாதவரை எஞ்சின் முன்னால் உட்காரவைப்பது அவருக்கே கஷ்டம். உடம்புதான் முக்கியம். — வா.

•

எளாவூர்
3.3.2025

வாணி,

டைப் அடித்ததை நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். பேனாவில் எழுதியதை அவர் படித்தார்.

காலையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தபால்காரர் கொடுத்த உறையை நான் பிரிப்பதற்குள், “நம்ம எஞ்சினு விஷயமா? இங்க குடு” என்று வாங்கிக்கொண்டார். மேலே இருந்ததை விட்டுவிட்டு நேராகக் கீழே போய் வாய்விட்டுப் படித்தார். “கை சரியில்லாதவரை எஞ்சின் முன்னால் உட்காரவைப்பது.” மறுபடி ஒரு தடவை. அப்புறம், “எழுத்து நல்லா கீது, ஒன் ஃபிரெண்டுக்கு” என்று சொல்லிவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். இன்னும் அது அவர் பையில்தான் இருக்கிறது. சட்டை மாற்றும்போது அதையும் மாற்றிக்கொள்கிறார்.

செக்போஸ்ட் தாண்டி ஒரு எடைமேடை இருக்கிறதே, அங்கே ஆள் கேட்டிருந்தார்களாம். லாரி ஏறி நிற்கும், எடை வரும், சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். ஒரு கை போதும். ஏப்ரல் ஒன்றாம் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஷெட்டில் உள்ள டூல்ஸ் எல்லாவற்றையும் சூளூர்பேட்டைக்காரர் ஒருத்தருக்குப் பேசி முடித்துவிட்டார். இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போவார்.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வுட்டுடும்மா, ஆளு நல்லா நடமாடுறாரு, அதுவே பெருசு. எஞ்சினுக்கு வேற ஆளு பாத்துக்குறேன்” என்றார். அன்றைக்கு அந்த மனுஷன் சொன்ன பேச்சு என்ன, இன்றைக்குச் சொல்வது என்ன?

நான் உட்கார முடியாமல் அலைகிறேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிறேன். ரோட்டில் லாரி ஏர் ஹாரன் அடித்தால் தூக்கிப் போடுகிறது. பத்தொன்பது வருஷமாக அடிக்கிற ஹாரன்தான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிஸ்டன் ஏற்றுவதற்கு முன்னால் அவர் எப்போதும் ஒரு காரியம் செய்வார். பிஸ்டனைச் சும்மா சிலிண்டருக்குள் விட்டு, பக்கத்தில் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றைச் செருகி, விரலால் இழுத்துப் பார்ப்பார். ஃபீலர் கேஜ். உனக்குத் தெரியாததல்ல. தகடு லேசான பிடிப்போடு வர வேண்டும். அன்றைக்கும் செய்தார். “ஒண்ணு வருது. ரெண்டு புடிக்குது. மூணு வருது” என்றார். மறுபடி இழுத்துப் பார்த்து, “ரெண்டு புடிக்குதே” என்றார்.

அப்புறம் உன் தாளைப் பார்த்தார். ரெண்டுக்கு எதிரே ‘சரி’ என்று இருந்தது. ஏற்றிவிட்டார்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. 28ஆம் தேதி நீ அந்த இரண்டாவது சிலிண்டரை எப்போது அளந்தாய்?

ஜோதி

•

வேப்பம்பட்டு
12.3.2025

ஜோதி,

இது வீட்டிலிருந்து எழுதுகிறேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. இதையும் கிழிப்பதற்குள் ஸ்டேஷன் வாசல் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

‘எப்போது’ என்றுதானே கேட்டாய். ‘எப்படி’ என்று கேட்டிருந்தால் இன்னொரு நல்ல கடிதம் எழுதியிருப்பேன். எப்படி அளப்பது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜனவரி 28 சாயங்காலம், நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால். மறுநாள் தை அமாவாசை. திருவள்ளூரில் அது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். முதல் நாள் சாயங்காலமே ஜனங்கள் வந்து குளக்கரை முழுக்கப் படுத்துவிடுவார்கள். அப்பாவுக்குக் கோயிலில் கைங்கரியம். அங்கே அப்பா வீட்டில் உறவுக்காரர்கள் பதினெட்டுப் பேர். அம்மாவால் நிற்க முடியாது. விடிவதற்குள் அத்தனை பேருக்கும் தளிகை நான்தான் செய்ய வேண்டும். நாலேகால் வண்டியைப் பிடித்தால்தான் பேசின்பிரிட்ஜில் மாறி, கூட்டம் முட்டுவதற்கு முன்னால் திருவள்ளூர் போய்ச் சேர முடியும். வருஷா வருஷம் தை அமாவாசைக்கு முதல் நாள் நான் அந்த வண்டியில்தான் போகிறேன். பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் ஒன்று, மூன்று, இரண்டு என்ற வரிசையில் ஹோனிங் செய்வோம். இரண்டு கடைசி. கல் உராய்ந்து உராய்ந்து அந்தச் சிலிண்டர் சூடேறியிருக்கும். அது ஆறி, பட்டறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் அளக்க வேண்டும். ஒன்றையும் மூன்றையும் அளந்தபோது அவை ஆறியிருந்தன. இரண்டை முடித்து, ஹோனிங் மெஷின் ஓட்டும் சாலமோன் அதை நிறுத்தியபோது நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

“மேடம், கொஞ்சம் ஆறட்டும்” என்றார்.

“வண்டி போயிடும் சாலமோன்” என்றேன்.

“அப்ப நாளைக்கி வந்து அளங்களேன்.”

“நாளைக்கு நான் லீவு. நாளைக்கு டெலிவரி.”

முள் வைத்த அளவு கேஜைச் சிலிண்டருக்குள் விட்டேன். முள் சரியான இடத்தில் நின்றது. ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓடிப்போய் வண்டியில் ஏறியும்விட்டேன். உட்கார இடம்கூடக் கிடைத்தது.

சூட்டில் இரும்பு விரியும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கம்பியை நீராவியில் வைத்து அளந்த அந்தச் சோதனையில் நீயும் நானும் ஒரே மேசை. சூட்டில் விரிந்திருந்த சிலிண்டரை அளந்து சரி என்றேன். ஆறியதும் அது சுருங்கிவிட்டது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் நூறில் எட்டுப் பங்கு மில்லிமீட்டர் இடம் இருந்திருக்க வேண்டும். இருந்தது ஐந்து. எஞ்சின் ஓடி பிஸ்டன் சூடேறி விரிந்ததும், அந்த ஐந்தும் போய்விட்டது.

ஊகத்தில் சொல்லவில்லை. பிளாக் திரும்பி வந்த மறுநாள், பிப்ரவரி 18 காலையில், மெஷின் எதுவும் ஓடுவதற்கு முன்னால் நானே தனியாக அளந்தேன். பிஸ்டன் உராய்ந்து கெடுத்தது மேல் பகுதியை. அடியில் ரிங் தொடாத இடம் புதிதாகவே இருந்தது. அங்கே அளந்தேன். மூன்று முறை. மூன்று முறையும் அதே அளவு.

ஸ்டீவனிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஜோதி. “பக்கவாதம் வந்த ஆளுதானே கட்டினாரு? யாரு நம்பப் போறா?” என்றார். எதையும் எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன். பதினெட்டு வருஷமாக என் கையெழுத்தைப் பார்த்து யாரும் இன்னொரு முறை அளந்து பார்த்ததில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அது போய்விடுமே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

அடியில் பேனாவில் எழுதியதுதான் மோசம். டைப் அடித்தது கம்பெனிக்காக. அதை எனக்காக எழுதினேன். அவர் கை சரியில்லை என்று நானே நம்பிவிட்டால் தூக்கம் வரும் என்று பார்த்தேன்.

உண்மை தெரிந்தால் போதும் என்றாய். சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. அவரிடமும்தான். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரிந்தே கேட்கிறேன்.

வாணி

•

எளாவூர்
16.3.2025

வாணி,

என்ன காரியம் செய்திருக்கிறாய்? சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் தொடாதே என்கிறாய்.

உன் கடிதம் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. அவர் அந்தப் பக்கம் போனால் நானே முந்திப் போய் அரிசி அளக்கிறேன். சட்டைப் பையில் உன் பொய், அரிசிக்குள் உன் நிஜம். நடுவில் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கை சொன்னது சரி. அது உனக்குப் புரிகிறதா? நூறில் மூன்று பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை அந்த விரல் கண்டுபிடித்துவிட்டது. பாதி உணர்ச்சி இல்லை என்று டாக்டர் சொன்ன விரல். அதே கையை உதவாது என்று சொல்லி அவர் எடைமேடையில் கொண்டுபோய் வைக்கப் போகிறார்.

நேற்றைக்கே காட்டியிருப்பேன். உன்னிடம் அனுமதி கேட்டு நிற்கிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். ஏன் காட்டவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டு இன்று முழுக்க வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன்.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். “அப்புறம் உன் தாளைப் பார்த்தார், ஏற்றிவிட்டார்” என்று எழுதினேன் அல்லவா? தாளை அவர் பார்க்கவில்லை. நான் எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

“ரெண்டு புடிக்குதே” என்றார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு நாளும் அப்படித்தான், கூடவே. அந்தத் தகட்டின் நுனியை என் பக்கம் நீட்டி, “நீயே இஸ்துப் பாரேன்” என்றார். நான் தொடவில்லை. தாளை எடுத்துக் காட்டி, “வாணி கையெழுத்து போட்டுகீறா. சரின்னு போட்டுகீது. ஒங்க கைக்குத்தான் இன்னும் தெரியல. மெதுவா வரும், ஏத்துங்க” என்றேன்.

எவ்வளவு அன்பாகச் சொன்னேன் தெரியுமா? குழந்தைக்குச் சொல்வது மாதிரி.

குறை கையில்தான் என்றால் மூன்றாவதிலும்தானே பிடிக்க வேண்டும்? அது எப்படி லேசாக வந்தது? அதை யோசிக்கிற அளவுக்கு நானும் படித்திருக்கிறேன். யோசிக்கவில்லை. பத்து மாதம் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். அந்தக் கை எனக்கு ஒரு நோயாளியாகிவிட்டது. அது பேசினால் நான் கேட்பதில்லை.

உன் கடிதத்தைக் காட்டினால் அவர் முதலில் கேட்கப்போவது உன்னைப் பற்றி இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சூளூர்பேட்டைக்காரர் வருகிறார். ஏழு நாள் இருக்கிறது. காட்டக்கூடிய ஒன்றை எழுதி அனுப்பு. அனுப்பாவிட்டால் அரிசி டிரம்மில் இருப்பதைக் காட்டுவேன்.

ஜோதி

•

கும்மிடிப்பூண்டி
20.3.2025

ஜோதி,

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். கூரியரில் அனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் கிடைத்துவிடும்.

கூட இருக்கும் தாள் லெட்டர்ஹெட்டில் இருக்கிறது. மூன்றே வரி. இரண்டாவது சிலிண்டரை ஆறவிடாமல் அளந்து சரி என்று கையெழுத்திட்டது நான். ஆறிய பின் அளந்தால் அது நூறில் மூன்று பங்கு மில்லிமீட்டர் குறைவு. எஞ்சினைக் கட்டியதில் குறை எதுவும் இல்லை. ஸ்டீவன் மேசையில் ஒரு பிரதி வைத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏம்மா, போன்ல ஒரு வார்த்தை சாரின்னு சொன்னா போதாதா? எழுதித்தான் குடுக்கணுமா?” என்றார். எழுதித்தானே கெடுத்தேன் என்றேன். பிளாக்கை மறுபடி செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து நான் அளக்க வேண்டாம், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பார்க்க வேண்டுமாம்.

சாலமோன் இரண்டு நாளாக என்னிடம் பேசாமல் இருந்தார். இன்று காலையில் வந்து, “டீ சாப்புடுறீங்களா மேடம்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்தத் தாளை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். ஆனால் ஜோதி, இதை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திவிடாதே. எல்லாப் பழியையும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று தோழியாகச் சொல்லலாம்தான். அப்படிச் சொன்னால் அவருக்குப் பாதிதான் போய்ச் சேரும். ‘உன் கை தப்பு’ என்று நான் சொன்னது தாளில். நீ சொன்னது அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

வா.

•

எளாவூர்
2.4.2025

வாணி,

உன் தாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது.

சூளூர்பேட்டைக்காரர் காலையிலேயே குட்டியானை வண்டியோடு வந்துவிட்டார். வரும்போதே, “இன்னா நைனா, எல்லாம் ரெடியா?” என்று சத்தம். குணா ஷெட்டைத் திறந்துவிட்டார். கம்ப்ரஸரை இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். அடுத்து டூல் பெட்டி. அதன் கைப்பிடியில் அவர்கள் கை வைத்ததும் என்னால் முடியவில்லை. உன் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தார். மடித்தார். சட்டைப் பையில் இருந்த பழைய கடிதத்தை எடுத்து, அதோடு இதையும் சேர்த்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

“சரி. அவங்க அளவு தப்பு” என்றார். “எம் மேல தப்பில்லன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. சந்தோசம்.”

முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. “ஏத்துப்பா” என்றார், வண்டிக்காரரிடம்.

அப்போதுதான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால். “அன்னிக்கி நீங்க இஸ்துப் பாருன்னு நீட்னீங்க. நான் தொடல. ஒங்க கைய நான் நம்பல.”

“தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“நீ எப்டி சொன்னேன்னு எனக்குத் தெரியாதா ஜோதி? அவங்க எங்கியோ கும்மிடிப்பூண்டில கீறாங்க. நான் வேல செஞ்சி பாத்ததில்ல. நீ பக்கத்துல குந்திக்கினு சொன்ன. அத்தவிட்டா எனக்கு வேற இன்னா கணக்கு?”

வண்டிக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். “நைனா, இது குடும்ப பேஜாரு. பெட்டி உண்டா, லேதா?”

குணா ரொம்ப நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பெட்டி இல்ல. கம்ப்ரஸர எட்துக்கினு போ” என்றார்.

இதோடு முடிந்திருந்தால் அன்றைக்கே உனக்கு எழுதியிருப்பேன். முடியவில்லை. அவர் ஷெட்டை மறுபடி பூட்டினார். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். கோபமாகக்கூட இல்லை. உப்பு வேண்டும் என்றால் எழுந்து போய் அவரே எடுத்துக்கொள்கிறார். சட்டைப் பொத்தானை அவரே போடுகிறார். கால் மணி நேரம் ஆகிறது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று ஒன்றாம் தேதி. எடைமேடைக்குப் போய்விட்டார்.

உண்மை தெரிந்தால் அவர் ஷெட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஒரு தாளைப் படித்ததும் கை வேலை செய்யும் என்று. தாளை நம்பி நான் செய்தது போதாதா? நேற்று சாயங்காலம் எடைமேடைப் பக்கம் காய்கறி வாங்குவதுபோல் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஆந்திராவிலிருந்து ஒரு லாரி ஏறி நின்றது. எடையைப் பார்க்காமல் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் எடைச் சீட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றான்.

அவரைத் திரும்பக் கூப்பிட எனக்கு வாய் இல்லை. உனக்கும் இல்லை.

ஜோதி

•

கும்மிடிப்பூண்டி
9.4.2025

ஜோதி,

உன் வீட்டுக்காரர் இன்று வந்தார். உன்னிடம் சொல்லாமல்தான் வந்திருக்கிறார் என்பது அவர் சொல்லித் தெரிந்தது. எடைமேடையில் லீவு சொல்லிவிட்டு ரயிலேறி வந்திருக்கிறார்.

உங்கள் பிளாக்குக்கு இன்றைக்குத்தான் புது ஸ்லீவ் போட்டு ஹோனிங் செய்வதாக இருந்தது. சாலமோன் அவருக்குப் போனில் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு உள்ளே நுழைகிறேன், மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் பார்த்த ஆளா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. தலையை அசைத்தார், அவ்வளவுதான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “வேலை முடியட்டும்மா” என்றார்.

ஸ்டீவன் வந்து, அளப்பதற்கு இப்போது வேறு ஆள் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்றார். குணா எழுந்து நின்று மரியாதையாக, “இல்ல சார், இந்த மேடமே அளக்கட்டும். தப்பு எங்க வருதுன்னு இவங்களுக்குத்தான் தெரியும்” என்றார். ஸ்டீவன் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

ஒன்று, மூன்று, இரண்டு. பதினொன்றரைக்கு மெஷின் நின்றது. நான் கேஜைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பன்னிரண்டரைக்கு ஸ்டீவன் எட்டிப் பார்த்து, “ஆறியிருக்குமே?” என்றார். எனக்கும் போதும் என்றுதான் பட்டது. குணா எழுந்தார். வலது கையை, அந்தக் கையை, சிலிண்டருக்குள் விட்டுச் சுவரோடு ஒட்டி வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பக்கத்துச் சிலிண்டரில் வைத்தார். மறுபடி இரண்டாவதில்.

“இன்னும் இல்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் போகவில்லை. ஒன்றேகாலுக்கு மறுபடி கையை விட்டார். “இப்ப அளங்க” என்றார்.

அளந்தேன். சரியாக இருந்தது. ஆனால் அதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, ஜோதி. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, முள் என்ன காட்டுகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் இன்னொருவர் முகத்தைப் பார்த்தேன்.

தாளில் நான் கையெழுத்துப் போட்டதும் அவரிடம் நீட்டினேன். “எனக்கு எதுக்குங்க?” என்றார். வற்புறுத்தினேன். என் கையெழுத்துக்குக் கீழே அவரும் போட்டார். எழுத்து கொஞ்சம் கோணல்தான்.

பிளாக் நாளை உங்கள் ஷெட்டுக்கு வரும். எடைமேடைக்கு இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம். அதை அவர் உன்னிடம் சொல்லப்போவதில்லை என்று நினைக்கிறேன். அதனால் நான் சொல்லிவிடுகிறேன். உன் மேல் இன்னும் வருத்தம் போகவில்லை. அதைப் பற்றி நான் கேட்டதற்கு, “அது எங்க ரெண்டு பேரு வெவகாரம் மேடம்” என்றார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து, “அவளுக்கு நீங்க லெட்டர்தானே போடுவீங்க? ஒண்ணு எழுதிடுங்க” என்றார்.

அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்:

“பிஸ்டன் ஏத்தற அன்னிக்கி ஷெட்டுக்கு வரச் சொல்லுங்க. பக்கத்துல குந்தட்டும். ஆனா வாயத் தொறக்கக் கூடாது.”

வாணி